கொடியின் நடுவில் விட்ட இடம்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுதி, மறுநாள் காலையில் தபால் கட்டுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிற ஆள் நான். அப்பாவுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இந்நேரம் நீ பயந்திருப்பாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் காலையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. முப்பது வருஷம் சைக்கிள் மிதித்த முழங்கால், அதற்கும் கோபம் இருக்காதா? எழுத உட்கார்ந்தால் உன் கடிதத்தின் அந்த ஒரு வரியில் போய் நின்றுவிடுகிறேன். அதைத் தாண்டிப் பேனா போகமாட்டேன் என்கிறது.

தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். கம்பைநல்லூர்ப் பெண் வீட்டாருக்கும் அதுதான் வசதி. ஈரானோடு நடந்த சண்டை நின்றுவிட்டதால் லீவு தருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு சுவரில் மாட்டியிருக்கும் உன் அம்மா படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். வீட்டில் வேறு யாருக்கு வாசித்துக் காட்டுவது? அதற்கு அடுத்தாற்போல்தான் அந்த வரி. "பாஷா பாய் வீட்டைக் கூப்பிட வேண்டாம் அப்பா. மாதா படத்தையே தொடமாட்டேன் என்கிறவர் அவர் என்று நீங்களே திருவிழாக் கூட்டத்தில் சொன்னீர்களாமே, ஊரிலிருந்து எழுதியிருந்தார்கள். இந்த மதத்துக்காரர்களை இங்கே நான் பார்த்தது போதும்."

அந்த வார்த்தையை நான் சொன்னது உண்மை. அதைச் சொன்ன நாளிலிருந்து இன்றுவரை உனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் அதைப்பற்றி நான் மூச்சு விடவில்லை. மழை பெய்ததை எழுதினேன், மாங்காய் விலை எழுதினேன், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைக்கூட எழுதினேன். இதை எழுதவில்லை. நான் மறைத்ததை வேறு யாரோ பெருமையாக எழுதி, அது ஈராக்கில் நீ இருக்கும் பஸ்ரா வரை போய், உன் கையெழுத்தில் எனக்கே திரும்பி வந்திருக்கிறது. நடந்தது முழுவதையும் நான் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம். கல்யாணம் உன்னுடையது.

நம் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளித் தையல்கடை வைத்திருக்கிற பாஷா பாயைப் பற்றி உனக்கே நான் சொல்வது வேடிக்கைதான். பள்ளிக்கூடத்துக்குப் போட்ட முதல் டவுசரிலிருந்து விமானம் ஏறும்போது போட்டுப்போன பேன்ட் வரை அவர் தைத்ததுதான். சொன்ன தேதிக்கு ஒரு துணியும் தராத மனுஷன். "நாளைக்குங்ணா" என்பார், அந்த நாளைக்கு ஒரு வாரம் ஆகும். ஆனால் கொடி மட்டும் சொன்ன நாளுக்கு முதல் நாளே தயாராக இருக்கும். நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதுதான் அது ஆரம்பித்தது. நம் கோயில் திருவிழாவுக்குக் கொடி தைத்துக்கொண்டிருந்தவர் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்விட்டார். தபால் கொடுக்கப் போன இடத்தில் விளையாட்டாகத்தான் பாயிடம் கேட்டேன். மறுநாள் வீட்டுக்கே வந்து வாசலில் நின்றார்.

"தைக்கிறேங்ணா. கரை கட்டறது, மடிப்பு, கயிறு கோக்கற பட்டி எல்லாம் பண்ணிக் குடுத்தர்றேன். நடுவுல வெக்கற படம் மட்டும் என் கையால ஆவாதுங்க. உருவம் தைக்கறது எங்களுக்கு இல்ல. தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் பதில் யோசிப்பதற்குள் உன் அம்மா உள்ளேயிருந்து, "இதுல தப்பா நெனைக்க என்னாங்க பாய் இருக்குது? நடுவுல ரெண்டு சாண் எடம் வுட்டுக் குடுங்க, படத்த நான் வெச்சுத் தெச்சுக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு பதினாறு பதினேழு வருஷம், பிப்ரவரி மாதத் திருவிழாவுக்கு முன்னால் நீலத்துணியும் வெள்ளைத்துணியும் பாய் கடைக்குப் போகும். அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து, தரையில் சுத்தமான வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் வைத்துத்தான் வெட்டுவார். பேன்ட் வெட்டுகிற மேஜையில் அந்தத் துணியைப் போட்டு நான் பார்த்ததில்லை. கொடி நடுவில் இரண்டு சாண் வெறுமையாக நம் வீட்டுக்கு வரும். உன் அம்மா சாயங்காலங்களில் உட்கார்ந்து மாதா படத்தை அதில் வைத்துத் தைப்பாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுப்பாய். கொடியேற்றத்தன்று பாய் தொப்பியோடு எதிர்ச்சாரியில் வந்து நிற்பார். கொடி மேலே போய் விரிந்ததும், "கரை சுருங்காம நிக்குது பாருங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அது போதும். உன் அம்மா போனபிறகு கன்னியாஸ்திரீகள் படத்தைத் தைத்தார்கள். அப்போதும் அதே இரண்டு சாண்தான்.

நீ ஈராக்குக்குப் போனபிறகு அந்தக் கடைதான் எனக்குச் சாயங்காலம். நீ போன இரண்டாம் வருஷம் உன் அம்மா போனாள். அடக்கத்துக்கு உன்னால் வர முடியவில்லை. அதை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை, நீயும் நினைக்காதே. ரிட்டயர் ஆன தபால்காரனுக்கு ஊரெல்லாம் தெரியும், ஆனால் போய் உட்கார ஒரு வீடு இருக்காது என்பது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. கையில் கடிதம் இருந்தவரை எல்லார் வாசலிலும் எனக்கு வரவேற்பு. இப்போது சும்மா போய் நின்றால், "என்னங்க சேதி?" என்கிறார்கள். சேதி இருந்தால்தான் வரவேண்டும் போலிருக்கிறது. பாய் மட்டும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போடுவார். ஆறரை மணிக்கு வெளிநாட்டு வானொலியில் தமிழ்ச் செய்தி. நான்தான் முள்ளைத் திருப்பி எடுக்கவேண்டும், அவர் திருப்பினால் சிலோன் பாட்டுத்தான் வரும். செய்தித்தாளில் நான் காட்டிய தேசப்படத்தைக் கத்தரித்து, நீ இருக்கும் ஊரைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, கடைச் சுவரில் அவரே ஒட்டிவைத்திருந்தார்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒருநாள் அவர் சொன்னார். "இவங்க எல்லையில ஓடற ஆத்துக்கு அடிச்சுக்கறாங்கணா. இந்தக் கரையா அந்தக் கரையான்னு. அதச் சொன்னா எவனும் சாவ வரமாட்டான். அதான் இவனும் சாமி பேரச் சொல்றான், அவனும் சாமி பேரச் சொல்றான்." எனக்கு அப்போது அது பெரிய பேச்சாகத் தெரியவில்லை. பேப்பரில் எழுதுகிறவர்கள் ஷியா என்றும் சன்னி என்றும் அரபி என்றும் பாரசீகம் என்றும் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள், இவர் ஊசியில் நூல் கோத்தபடி ஆற்றோடு முடித்துவிட்டாரே என்று சிரித்தேன். இப்போது யோசித்தால் இரண்டும் உண்மை என்று தோன்றுகிறது. ஆறு மட்டும் என்றால் எட்டு வருஷம் நீடித்திருக்காது. மதம் மட்டும் என்றால், அந்த மதமும் அந்தப் பிரிவும் ஆயிரம் வருஷமாக அங்கேதான் இருக்கின்றன, ஆயிரம் வருஷமும் குண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள்?

உனக்கு ஒகேனக்கல் போனது ஞாபகம் இருக்கிறதா? நீ ஏழு வயசுப் பையன். பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாய். பரிசலில் உட்கார்ந்ததும் அக்கரையைக் காட்டி, "அப்பா, அந்தப் பக்கம் கன்னடக்காரங்களா? போனா அடிப்பாங்களா?" என்று கேட்டாய். பரிசல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "எம் பொண்டாட்டி அந்தப் பக்கந்தான் தம்பி. தெனமும் அவகிட்ட நாந்தான் அடி வாங்கிக்கினு கெடக்கறேன்" என்றார். நானும் சிரித்தேன். ஏழு வயசுப் பிள்ளைக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. நம் வீட்டிலிருந்துதான் வந்தது. தண்ணீர்ப் பிரச்சினை பேப்பரில் வந்தபோதெல்லாம், "அவனுங்க புத்தியே அப்படித்தான்" என்று காபி குடித்துக்கொண்டு சொன்னவன் நான். அவனுங்க என்று நான் சொன்ன ஆட்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நம் ஊரில் கன்னடம் பேசுகிற நாலைந்து குடும்பம், அவர்களுக்குத் தினமும் தபால் கொடுத்தேன். அவர்களை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அன்றைக்கே உன்னிடம் இதைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் மீன் வறுவல் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்துவிட்டேன்.

இனி இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த மோசமான தை மாதம். பஸ்ராவில் குண்டு விழுகிறது என்று தினமும் செய்தி. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. காலை எட்டரைக்குத் தபால் பையைப் பிரிக்கும்போது நான் ஆபீசில் போய் நிற்பேன். எத்தனையோ வருஷம் அந்தக் கட்டை நானே பிரித்திருக்கிறேன். நீல உறை எந்த அடுக்கில் வரும் என்று தூரத்திலிருந்தே தெரியும். இப்போது என் இடத்தில் இருக்கிற பையன் ஒவ்வொரு நாளும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான். வெளிநாட்டுக் கடிதத்துக்காக வாசலில் காத்துக்கொண்டு நின்ற எத்தனை தாய்மாரை, "இன்னிக்கு இல்லம்மா" என்று சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன் தெரியுமா? அதெல்லாம் அந்த மாதம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. வீட்டுக்கு வந்தால் சமைக்கத் தோன்றாது. காலையில் கிண்டிய களியை மோரில் கரைத்து மூன்று வேளையும் குடித்தேன். பேசுவதற்கு ஆளில்லாததால் வாய்க்குள் வார்த்தைகள் புளித்துக் கிடந்தன.

அப்படியொரு சாயங்காலம் செய்தியில் மறுபடி பஸ்ரா. நான் ரேடியோவை அணைத்தேன். பாய், "பயப்படாதீங்கணா. அல்லா கை விடமாட்டான். தம்பி லெட்டரு வந்துரும்" என்றார். இதே வார்த்தையை அவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு அது என் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"உங்க அல்லா பேரச் சொல்லித்தான் ரெண்டு பக்கமும் குண்டு போடறான். எம் பையன் நடுவுல கெடக்கறான். உங்காளுங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

பாய் மிஷினை நிறுத்தினார். "எங்காளுங்களா? எனக்கு அந்த ஊரு எங்க இருக்குதுன்னே நீங்க படம் வெச்சுக் காட்டித்தானுங்ணா தெரியும்."

"ஒரே மதந்தானே?"

"அயர்லாந்துன்னு ஒரு ஊருல உங்க ஏசுவக் கும்புடறவங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சுட்டுக்கறாங்கன்னு இதே ரேடியோவுல, இதே முக்காலியில உக்காந்துதான் கேட்டோம். நான் உங்களக் கேட்டனா? ஒரு நாளாச்சும், ஏங்ணா உங்காளுங்க இப்படின்னு உங்களக் கேட்டனா?"

நியாயமான கேள்வி. எதிராளி நியாயம் பேசும்போது எனக்குக் கோபம் அதிகமாகும், அது உனக்கும் தெரியும்; உனக்கும் அந்தக் குணம் என்னிடமிருந்து வந்திருக்கிறது. எழுந்து வந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இரண்டு நாள் கழித்து மறுபடி போய் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். அதற்கு முன்னும் சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு திருவிழாக் கமிட்டிக் கூட்டம். கொடி வழக்கம்போல் பாய்தானே என்று செயலாளர் எழுதப் போனார். நான் எழுந்து சொன்னேன்: "அவரு மாதா படத்தக் கையாலயே தொடமாட்டாரு. அப்படிப்பட்டவரு எதுக்கு நம்ம கொடியத் தெக்கணும்?"

மகனே, அந்தக் கூட்டத்தில் இருந்த பாதிப் பேருக்கு அதுவரை அந்த விஷயமே தெரியாது. அது எங்கள் மூன்று பேருக்குள் ஆரம்பித்த ஏற்பாடு. அவர் தன் மதத்தை விட்டுக்கொடுக்காமல் நம் திருவிழாவுக்கு ஒரு கை கொடுக்க வழி கேட்டார். உன் அம்மா இரண்டு சாணில் அந்த வழியைக் காட்டினாள். அதை எடுத்து நான் குற்றப்பத்திரிகை ஆக்கினேன். கொடி ஒன்றுதான், இடம் ஒன்றுதான், பாயும் அதே பாய்தான். என் மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத பயத்தை இறக்கிவைக்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஈரான்காரனும் ஈராக்காரனும் என் கைக்கு எட்டவில்லை. பாய் எட்டினார்.

யாராவது, "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டிருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன். உன் அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பாள். யாரும் கேட்கவில்லை. உன்னைவிட நாலைந்து வயசு மூத்த ஒருவர் எழுந்து, "போஸ்ட்மேன் சொல்றது சரி, இது ரொம்ப நாளா எனக்கும் உறுத்தல்தான்" என்றார். அவருக்கு அது உறுத்தலாக இருந்தது அந்த நிமிஷத்திலிருந்துதான் என்று எனக்குத் தெரியும். கொடி சேலத்திலிருந்து படம் அச்சடித்ததாகவே வாங்குவது என்று முடிவாயிற்று. பாயிடம் சொல்வது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் சொல்லவில்லை.

கொடியேற்றத்தன்று பாய் வழக்கம்போல் தொப்பியோடு எதிர்ச்சாரியில் வந்து நின்றார். அந்த வருஷத் துணியைச் சண்டைக்கு முன்னாலேயே நான் கொடுத்திருந்தேன். அவர் தைத்த கொடியை வாங்கிப்போக யாரும் வராதது அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். கோயிலில் ஏதோ அவசரம் என்று நினைத்திருப்பார். பாண்டு வாத்தியம், பீடச் சிறுவர்கள், சாமியார், எல்லாருக்கும் பின்னால் நான். வேறொரு கொடி கம்பத்தில் ஏறியது. நல்ல கொடிதான், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அது உச்சிக்குப் போய்ச் சேரும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். நான் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். நான் செபப் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவர் இல்லை. மறுநாள் காலையில் அவர் மனைவி ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். நீலமும் வெள்ளையும், நடுவில் இரண்டு சாண் வெறுமை. "அவரு குடுத்துட்டு வரச் சொன்னாருங்க" என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அதற்கு இரண்டாம் நாள் உன் கடிதம் வந்தது. குவைத் வழியாக யார் கையிலோ கொடுத்து அனுப்பியிருந்தாய். உயிரோடு இருக்கிறாய் என்று படித்ததும் கால் தானாக நடந்தது. எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. பாய் கடை வாசலில் போய் நின்றபிறகுதான் தெரிந்தது. உள்ளே போக முடியவில்லை. கையில் நீல உறை. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி நல்லாருக்குதாங்ணா?"

"நல்லாருக்கான் பாய்."

"அல்ஹம்துலில்லா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். ஏறக்குறைய இரண்டு வருஷமாக எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். இரண்டு கதவு தூரத்தில் இருந்துகொண்டு. ஆறரை மணிச் செய்தியை நான் வீட்டிலேயே தனியாகக் கேட்டேன். செய்தி முடிந்ததும் "அப்படியா சேதி" என்று சொல்ல எதிரில் ஆளில்லை. ரேடியோவில் யார் பேசுகிறார்கள் என்று கேட்காமலே பல நாள் அதை ஓடவிட்டேன், மனுஷக் குரல் கேட்டால் போதும் என்று.

அந்த வார்த்தையோ என்னைவிட நன்றாக ஊர் சுற்றியது. அடுத்த வருஷத் திருவிழாவில் வளையல் கடையும் பொம்மைக் கடையும் போடுகிற பாய்மார்களைத் தெருவுக்கு வெளியே போடச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "நம்ம போஸ்ட்மேனே சொன்னாரே" என்றார்கள். மறைக்கல்வி படிக்கிற ஒரு சின்னப் பெண் என்னிடமே வந்து, "தாத்தா, அவங்க மாதாவ வெறுக்கறவங்களா?" என்று கேட்டாள். வெறுப்பு என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. வழியில் யாரோ சேர்த்துக்கொண்டார்கள். உலகத்தில் பெரிய பெரிய நாடுகள் என்ன செய்கின்றன என்று எனக்குத் தெரியாது, நான் படித்தது பத்தாம் வகுப்பு. ஆனால் ஒரு கமிட்டிக் கூட்டத்தில் நான் என்ன செய்தேன் என்று தெரியும். பயமோ, மண்ணோ, தண்ணீரோ, எண்ணெயோ ஒன்று முதலில் இருக்கிறது. அதற்காக அடித்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. அப்போது, எதிரில் இருப்பவன் எப்படிக் கும்பிடுகிறான், எதைத் தொடமாட்டான், எதைத் தின்னமாட்டான் என்று அதுவரை சும்மா கிடந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அதன்பின் சண்டையை ஆரம்பித்தவன் நிறுத்த நினைத்தாலும் நிற்பதில்லை, மற்றவர்கள் அதை உண்மையாகவே நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். பஞ்சாப் செய்தி கேட்கும்போதும், இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களைப் பற்றிப் படிக்கும்போதும் இப்போதெல்லாம் அந்தக் கமிட்டி அறைதான் கண்முன் வருகிறது. முதலில் அங்கே யார் எழுந்து நின்று என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன்.

உன் கோபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. உன்னோடு ஒரே அறையில் இருந்த மலையாளப் பையன் காலை இழந்ததை நீ எழுதியபோது அந்தத் தாளை மடித்து அம்மா படத்துக்கடியில் வைத்தேன். நான் பாதுகாப்பாக இங்கே உட்கார்ந்துகொண்டு உனக்குப் போதிக்க எனக்கு அருகதை இல்லை. ஆனால் நீ போன புதிதில் எழுதிய கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. உங்கள் மேஸ்திரி ஓர் ஈராக்கி, அவருடைய இரண்டு பிள்ளைகளும் போர்முனையில் இருக்கிறார்கள், நீ காய்ச்சலில் கிடந்தபோது தினமும் ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார் என்று எழுதியிருக்கிறாய். "இந்த மதத்துக்காரர்களைப் பார்த்தது போதும்" என்று நீ எழுதும்போது அவரும் அதற்குள் வந்துவிடுகிறார். அவரைச் சேர்த்துத்தான் சொன்னாயா என்று மட்டும் யோசித்துப் பார். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

உன் கடிதம் வந்த எட்டாம் நாள் நான் பாய் கடைக்குப் போனேன். பட்டப்பகல், கடையில் இரண்டு பேர் அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை வாசலிலேயே நின்றேன். பிறகு உள்ளே போய், "பாய், அன்னிக்குக் கூட்டத்துல நான் பேசினது தப்பு" என்றேன். நிறையச் சொல்ல யோசித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான் வந்தது. அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"ஊருக்கெல்லாம் லெட்டரு குடுத்த ஆளு. எனக்கு ஒரு சேதி சொல்ல உங்களுக்கு ரெண்டு வருசம் ஆச்சு."

"ஆமாங்க பாய்."

"எங்கிட்ட என்னாத்துக்குங்ணா சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே, நான் என்ன பண்ணேன், ஏன் பண்ணேன்னு. சொன்ன எடத்துல போயி சொல்லுங்க."

கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். தை மாதம் என்றேன். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது, அதை அவர் மறைக்கவில்லை. ஆனால், "தம்பி வந்து கூப்புடட்டும். நீங்க கூப்புட்டா வரமாட்டேன்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. முக்காலியையும் இழுத்துப் போடவில்லை. நான் எதிர்பார்த்துக்கொண்டுதான் போயிருந்தேன் என்பதை உன்னிடம் ஒளிப்பானேன்?

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் சாமியாரிடம் அனுமதி கேட்டு முன்னால் போய் நின்றேன். அந்த வார்த்தையை மறுபடி சொல்லி, அது ஏன் தப்பு என்றும், அந்த இரண்டு சாண் எப்படி வந்தது என்றும் சொன்னேன். சிலர் இருமினார்கள். சில பெண்கள் தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். வெளியே வரும்போது, அன்றைக்கு எனக்கு ஒத்து ஊதினவர் பக்கத்தில் இருந்தவரிடம், "வயசாயிருச்சு, தனியா வேற இருக்காரு, பாவம்" என்றது காதில் விழுந்தது. ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆனது. அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. ஆனாலும் சொன்ன இடத்தில் போய்ச் சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்தில் திருத்தினேன். அது போய்ச் சேர்ந்த இன்னோர் இடம் பாக்கி இருக்கிறது, அது நீ. அதற்குத்தான் இத்தனை தாளும். பாயைக் கூப்பிடு என்று நான் உத்தரவு போடவில்லை. நீ அங்கே பட்டது உன் பாடு, கூப்பிட மனம் வரவில்லை என்றால் அன்றைக்கும் கோயிலில் உன் பக்கத்தில்தான் நிற்பேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் என்னைக் காரணம் காட்டி அவரைக் கூப்பிடாமல் இருந்துவிடாதே. அவர் மாதா படத்தைத் தொடமாட்டார் என்பது உண்மை. அதில் நமக்கு அவமானம் இருக்கிறது என்று உன் அப்பா சொன்னது பொய்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா